பிராம் ஃபிஷர்

பிராம் ஃபிஷர் (ஏப்ரல் 23, 1908 – மே 8, 1975) தென்னாப்பிரிக்க வழக்கறிஞர். இனஒதுக்கல் ஆட்சியை எதிர்த்த வெள்ளையர்களில் முதன்மையானவர். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர். முழுப்பெயர் ஆப்ரம் லூயி ஃபிஷர். நெல்சன் மண்டேலாவும் அவருடைய தோழர்களும் குற்றம்சாட்டப்பட்ட ரிவோனியா வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பின்னர் அவரே குற்றவாளிக் கூண்டில் நின்று ஆயுள்தண்டனை பெற்றார். வழக்கறிஞர் பட்டியலிலிருந்து 1965-ல் நீக்கப்பட்ட அவருடைய பெயர், இறந்து 28 ஆண்டுகள் கழிந்தபின் 2003-ல் மீண்டும் சேர்க்கப்பட்டது.

பிறப்பு, கல்வி

பிராம் ஃபிஷர் புளூம்ஃபொன்டெய்ன் நகரில், ஆஃப்ரிகானர் சமூகத்தின் செல்வாக்குள்ள குடும்பம் ஒன்றில் பிறந்தார். தாத்தா ஆபிரகாம் ஃபிஷர் ஆரஞ்சு ரிவர் காலனியின் பிரதமராக இருந்தவர். தந்தை பெர்சி ஃபிஷர் வழக்கறிஞர். பிற்காலத்தில் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் தலைமை நீதிபதி ஆனார். பிரிட்டிஷாருக்கு எதிரான போயர் போரின் நினைவு வீட்டில் உயிரோடு இருந்தது. இளமையில் ஃபிஷரும் தீவிரமான ஆஃப்ரிகானர் தேசியவாதியாகவே இருந்தார்.

கிரே கல்லூரியில் படித்தார். நல்ல ரக்பி ஆட்டக்காரர். 1928-ல் தென்னாப்பிரிக்கா வந்த நியூசிலாந்து அணிக்கு எதிராக ஃப்ரீ ஸ்டேட் அணியில் ஆடினார். ரோட்ஸ் உதவித்தொகை பெற்று 1931-ல் ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். அங்கிருந்தபோது 1932-ல் சோவியத் ஒன்றியத்துக்கும் ஒரு பயணம் போய்வந்தார்.

அவருடைய மனமாற்றம் புத்தகங்களிலிருந்து தொடங்கவில்லை. சிறுவயதில் பண்ணையில் கறுப்பினச் சிறுவர்களோடு விளையாடி வளர்ந்தவர் அவர். இளைஞரானபின், ஆப்பிரிக்கர்களின் நலனுக்கான கூட்டம் ஒன்றுக்குச் சென்றபோது ஒரு கறுப்பினத்தவரின் கையைப் பற்றிக் குலுக்க வேண்டியிருந்தது. அதற்கே தன்னை வலிந்து தயார்ப்படுத்திக்கொள்ள நேர்ந்தது. கூடி விளையாடியவர்களின் கையைத் தொட எப்போதிருந்து கூச்சம் வந்தது, ஏன் வந்தது என்று அன்றிரவு யோசிக்கத் தொடங்கியதாகப் பல ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்தில் அவரே சொன்னார். மாறியது அந்தச் சிறுவர்கள் அல்லர், தானே என்பதுதான் அவர் கண்டடைந்த விடை.

தனிவாழ்க்கை

1937-ல் ஃபிஷர் மாலி க்ரிகேயை மணந்தார். மாலியும் ஆஃப்ரிகானர் குடும்பத்தைச் சேர்ந்தவர். தென்னாப்பிரிக்கப் பிரதமராக இருந்த ஜான் ஸ்மட்ஸின் மனைவி இஸிக்கு உறவினர். ரூத், இல்சே என இரு மகள்கள். கடைசியாக 1947-ல் பிறந்த மகன் பால். பாலுக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய் இருந்தது. நுரையீரலையும் செரிமானத்தையும் தாக்கும் இந்நோய் உள்ள குழந்தைகள் நெடுநாள் வாழ்வது அக்காலத்தில் அரிது. எந்தக் குளிர்காலத்தில் மகனை இழப்போமோ என்ற அச்சத்தோடுதான் பெற்றோர் அவனை வளர்த்தனர்.

ஜோகானஸ்பர்க்கின் ஓக்லாண்ட்ஸ் பகுதியில், போமாண்ட் தெருவில் அவர்களுடைய வீடு இருந்தது. பெரிய தோட்டமும் நீச்சல்குளமும் கொண்டது. தெருவில், பேருந்தில், கடற்கரையில், அஞ்சலக வரிசையில் என எங்கும் நிறம் பார்த்துப் பிரித்த நாட்டில், அந்தக் குளத்தில் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் ஒன்றாக நீந்தினர். ஒரு கறுப்பினச் சிறுமியும் ஃபிஷரின் பிள்ளைகளோடு அதே வீட்டில் வளர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கறிஞர்கள், தொழிற்சங்கத்தார், ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸார், இந்திய காங்கிரஸார் எனப் பலரும் வந்துபோனார்கள். ஒற்றர்களும் வெளியே நின்று காரெண்களைக் குறித்துக்கொண்டார்கள்.

ஃபிஷரின் குடும்பப் பற்றுக்கு மறுக்கமுடியாத சான்று அவர் எழுதிய கடிதங்களே. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பெற்றோருக்கும், திருமணத்துக்கு முன் மாலிக்கும், சிறையிலிருந்து பிள்ளைகளுக்கும் அவர் எழுதியவை ஏராளம். ஸ்டீஃபன் கிளிங்மன் 1998-ல் வெளியிட்ட ஃபிஷர் வாழ்க்கை வரலாற்றுக்கு இக்கடிதங்கள் முக்கியமான ஆதாரம்.

மாலி கணவரின் நிழலாக இருந்தவரல்லர். அவரும் கட்சி உறுப்பினர். ஷார்ப்வில் படுகொலைக்குப் பின் 1960-ல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபோது கைதானவர் மாலிதான், ஃபிஷர் அல்லர். அப்போது ஃபிஷர் தேசத்துரோக வழக்கில் வாதாடிக்கொண்டே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார்.

சட்டப்பணி

ஃபிஷரின் தொழில்வாழ்க்கையில் ஒரு முரண் உண்டு. சுரங்க உரிமைச் சட்டத்தில் அவர் நாட்டின் தலைசிறந்த வல்லுநர்களில் ஒருவர். பெரும் சுரங்க நிறுவனங்கள் அவரைத் தேடி வந்தன. அதே மனிதர் தடைசெய்யப்பட்ட கம்யூனிஸ்ட் கட்சியின் ரகசியத் தலைமையில் இருந்தார். 1946-ல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது ஃபிஷர் விடுமுறையில் வெளியூரில் இருந்தார். இருந்தும் தோழர்கள் மீது வழக்கு வந்ததும் திரும்பி வந்து தானும் குற்றவாளிகளில் ஒருவராகச் சேர்ந்துகொண்டு அபராதம் பெற்றார்.

சோவியத் ஒன்றியத்தின் மீது அவர் கொண்டிருந்த நம்பிக்கை கடைசிவரை கேள்வி கேட்காத நம்பிக்கை. ஸ்டாலின் காலக் கொடுமைகள் வெளிவந்த பின்னரும் அது தளரவில்லை. உள்நாட்டில் இத்தனை கூர்மையாக அநீதியைக் கண்டவர் அங்கே காணத் தவறியது அவருடைய வாழ்க்கையின் பெரிய குறை.

1956-ல் 156 பேர் மீது தேசத்துரோக வழக்கு தொடரப்பட்டது. இஸ்ரேல் மைசல்ஸ் தலைமையிலான எதிர்த்தரப்புக் குழுவில் ஃபிஷரும் இருந்தார். பலர் மீதான குற்றச்சாட்டுகள் இடையிலேயே கைவிடப்பட்டன. எஞ்சியிருந்தோர் 1961 மார்ச் 29 அன்று விடுதலை பெற்றனர்.

ரிவோனியா வழக்கு

1963 ஜூலை 11 அன்று ஜோகானஸ்பர்க் அருகே ரிவோனியாவில் லிலிஸ்லீஃப் பண்ணையைக் காவல்துறை சுற்றிவளைத்தது. வால்டர் சிசுலு, கோவன் எம்பெகி, அகமது கத்ராடா உள்ளிட்டோர் பிடிபட்டனர். ஏற்கெனவே சிறையில் இருந்த மண்டேலா முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டார். நாசவேலைக் குற்றத்துக்குத் தூக்குத்தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடம் இருந்தது.

எதிர்த்தரப்புக்குத் தலைமை ஏற்க ஃபிஷர் தயங்கினார். பயமல்ல காரணம். அந்தப் பண்ணைக்கு அவரே பலமுறை போய்வந்தவர். பண்ணை வேலையாட்கள் சாட்சி சொல்ல வந்தால் வழக்கறிஞர் மேசையில் அமர்ந்திருப்பவரையே சுட்டிக்காட்டக்கூடும். கைப்பற்றப்பட்ட தாள்களில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. அவருடைய சக வழக்கறிஞர்களான ஜார்ஜ் பிசோஸ், ஆர்தர் சாஸ்கல்சன், ஜோயல் ஜோஃபே ஆகியோரில் யாருக்கும் முழு உண்மை அப்போது தெரியாது. அவர்கள் வற்புறுத்த, ஃபிஷர் ஒப்புக்கொண்டார். தொடக்க நாட்களில் சில சாட்சிகள் வந்தபோது அவர் நீதிமன்றத்தில் இல்லை.

அரசு வழக்கறிஞர் பெர்சி யூட்டார் தாக்கல் செய்த முதல் குற்றப்பத்திரிகையை ஃபிஷர் வாதத்தால் உடைத்தார். யார் எப்போது எந்தச் செயலைச் செய்தார் என்றே தெளிவில்லாத குற்றச்சாட்டுக்கு எப்படிப் பதில் சொல்வது என்பது அவருடைய வாதம். நீதிபதி க்வார்ட்டஸ் டி வெட் 1963 அக்டோபரில் அதைத் தள்ளுபடி செய்தார். புதிய குற்றப்பத்திரிகையின் மேல் விசாரணை நடந்தது.

கூண்டில் இருந்தவர்கள் செய்ததை மறுக்க விரும்பவில்லை. ஏன் செய்தோம் என்று நாட்டுக்குச் சொல்ல விரும்பினர். மண்டேலா தயாரித்த நீண்ட உரையின் கடைசிப் பத்தி, தன் லட்சியத்துக்காகச் சாகவும் தயார் என்று முடிந்தது. அதை வாசித்தால் நேரே தூக்குமேடைக்குத்தான் அனுப்புவார்கள் என்று அஞ்சிய ஃபிஷர், அந்த வரியை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். மண்டேலா இணங்கவில்லை. 1964 ஜூன் 12 அன்று எட்டுப் பேருக்கு ஆயுள்தண்டனை விதிக்கப்பட்டது. தூக்கு இல்லை.

மாலியின் மறைவு

தீர்ப்புக்கு மறுநாள், ஜூன் 13 அன்று, ஃபிஷரும் மாலியும் காரில் கேப்டவுனுக்குப் புறப்பட்டனர். அங்கே படித்துக்கொண்டிருந்த இல்சேயின் 21-வது பிறந்தநாளைக் கொண்டாடுவதற்காக அந்தப் பயணம். ஃபிஷர்தான் ஓட்டினார். ஃப்ரீ ஸ்டேட்டில் ஒரு பாலத்தருகே எதிர்ப்பட்டவற்றின் மேல் மோதாமலிருக்கக் காரைத் திருப்பியபோது அது சரிவில் இறங்கி நீரில் விழுந்தது. ஃபிஷரும் உடன்வந்த தோழி ஒருவரும் வெளியேறினர். மாலி மூழ்கி இறந்தார்.

சில நாட்களில் ஃபிஷர் ராபன் தீவுக்குச் சென்றார். மேல்முறையீடு வேண்டாம் என்ற முடிவில் மண்டேலா முதலியோர் உறுதியாக இருக்கிறார்களா என்று கேட்டு வர வேண்டியிருந்தது. பேச்சு முடிந்தபின் மாலி எப்படி இருக்கிறார் என்று மண்டேலா விசாரித்தார். ஃபிஷர் பதில் சொல்லாமல் திரும்பி நடந்தார், பிறகு வந்து வழக்கைப் பற்றியே பேசினார். அவர் போனபின் சிறை அதிகாரி ஒருவர் சொல்லித்தான் மண்டேலாவுக்கு விஷயம் தெரிந்தது. இரங்கல் கடிதம் எழுதினார். சிறை நிர்வாகம் அதை அனுப்பவில்லை. மண்டேலா தன் சுயசரிதையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆயுள்தண்டனை பெற்றவர்களிடம் தன் துயரத்தைச் சொல்லி அவர்கள் சுமையைக் கூட்ட ஃபிஷர் விரும்பவில்லை என்பதைத் தவிர அந்த மௌனத்துக்கு வேறு பொருள் கொள்ள முடியாது.

கைதும் தலைமறைவும்

1964 செப்டம்பரில் ஃபிஷர் கைது செய்யப்பட்டார். தடைசெய்யப்பட்ட கட்சியின் உறுப்பினர் என்பது குற்றச்சாட்டு. அந்த நேரத்தில் லண்டனில் பிரிவி கவுன்சிலில் அவர் வாதாட வேண்டிய காப்புரிமை வழக்கு ஒன்று இருந்தது. அதற்காக ஜாமீன் கேட்டார். திரும்பி வருவதாக நீதிமன்றத்துக்கு வாக்களித்தார். தன் குடும்பமும் தன் மண்ணும் இங்கேதான் என்பதே அவருடைய வாதம். ஜாமீன் கிடைத்தது.

லண்டனிலேயே தங்கிவிடும்படி நண்பர்கள் மன்றாடினர். தங்கியிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். வழக்கை நடத்தி முடித்து, சொன்னபடி திரும்பி வந்தார்.

ஆனால் 1965 ஜனவரி 25 அன்று அவருடைய விசாரணை தொடர்ந்தபோது கூண்டில் அவர் இல்லை. அவர் எழுதிய கடிதத்தை அவருடைய வழக்கறிஞர் ஹரோல்ட் ஹான்சன் வாசித்தார். தண்டனைக்கு அஞ்சி ஓடவில்லை, நாட்டை விட்டும் போகவில்லை, எதிர்ப்பைத் தொடரவே மறைகிறேன் என்பது அதன் சாரம். சொன்னபடியே ஜோகானஸ்பர்க்கிலேயே இருந்தார். உடல் மெலிந்து, தாடி வளர்த்து, தலைமுடியின் தோற்றத்தை மாற்றி, டக்ளஸ் பிளாக் என்ற பெயரில் தனி வீட்டில் வாழ்ந்தார். அறிமுகமானவர்களே தெருவில் அடையாளம் காணாமல் கடந்துபோனதுண்டு. தாயை இழந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைகளைப் பிரிந்திருந்ததுதான் இந்தத் தலைமறைவின் கொடிய பகுதி. அமைப்பு சிதறிப்போயிருந்ததால் அவரால் பெரிதாக எதையும் செய்ய முடியவில்லை என்பதும் உண்மை. 1965 நவம்பர் 11 அன்று பிடிபட்டார்.

பெயர் நீக்கம்

ஃபிஷர் மறைந்த சில நாட்களிலேயே, அவரைப் பட்டியலிலிருந்து நீக்கக் கோரி ஜோகானஸ்பர்க் வழக்கறிஞர் சங்கம் நீதிமன்றத்தை நாடியது. அந்தச் சங்கத்தில் ஃபிஷர் ஆண்டுக்கணக்கில் பொறுப்பு வகித்தவர். அரசு செய்த எதையும்விடச் சக தொழிலாளரின் இந்த அவசரம் அவரைப் புண்படுத்தியது.

இங்கே எழும் கேள்வி எளிதானதல்ல. நீதிமன்றத்துக்குக் கொடுத்த வாக்கை மீறும் வழக்கறிஞரை எப்படி நம்புவது என்று சங்கம் கேட்டது. வழக்கறிஞர் தொழில் முழுவதும் சொல்லின் மேல் நிற்பது. நீதிபதி ஒவ்வொரு ஆவணத்தையும் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே அந்தக் கேள்வியை வெறும் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஃபிஷர் தரப்பு வைத்த வாதம் வேறு. சட்டத்தை மீறுவது ஒன்று, நேர்மையின்மை மற்றொன்று. இரண்டும் எப்போதும் ஒன்றல்ல.

இதற்கு முன்மாதிரியும் இருந்தது. ஒத்துழையாமை இயக்கத்தில் தண்டனை பெற்ற மண்டேலாவின் பெயரை நீக்கவேண்டும் என்று டிரான்ஸ்வால் சட்டச் சங்கம் கோரியபோது, 1954-ல் நீதிபதி ராம்ஸ்பாட்டம் மறுத்திருந்தார். அரசியல் நம்பிக்கைக்காகச் சட்டத்தை மீறியதில் இழிவு எதுவும் இல்லை என்பது அவர் முடிவு. இதே ஜோகானஸ்பர்க்கில் தொழில் செய்த காந்தியின் கதை வேறு. இந்தியாவில் தண்டனை பெற்றபின் 1922-ல் லண்டன் இன்னர் டெம்பிள் அவர் பெயரை நீக்கியது. மீண்டும் சேர்த்தது 1988-ல்.

ஃபிஷர் வழக்கில் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. 1965 நவம்பரில், அவர் பிடிபடுவதற்குச் சில நாட்கள் முன்பு, பெயர் நீக்கப்பட்டது.

சிறையில்

1966 மார்ச் 28 அன்று ஃபிஷர் கூண்டிலிருந்து நீண்ட அறிக்கை ஒன்றை வாசித்தார். கறுப்பினத்தவரின் கையைக் குலுக்கத் தயங்கிய கதையைச் சொன்னது அப்போதுதான். பெரும்பான்மை மக்களின் குரலைக் கேட்காமல் இயற்றப்பட்ட சட்டம் ஒழுக்கநெறியை இழந்தபின் அதற்குக் கீழ்ப்படிவது குடிமகனின் கடமையாகாது என்று வாதிட்டார். முடிவில் போயர் தலைவர் பால் க்ரூகரின் சொற்களை எடுத்துச் சொன்னார். தன் இனத்தாரின் வரலாற்றிலிருந்தே அவர்களுக்கு விடை தர விரும்பினார் என்று கொள்ளலாம். மே 9 அன்று ஆயுள்தண்டனை விதிக்கப்பட்டது.

பிரிட்டோரியா சிறையில் அவர் கடைநிலைக் கைதியாக வைக்கப்பட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு சந்திப்பு. அறுபதை நெருங்கிய அந்த மனிதர் கழிப்பறைகளைத் தேய்த்துக் கழுவியதையும், காவலர்கள் அவரைக் குறிவைத்து அவமதித்ததையும் சக கைதி ஹ்யூ லூயின் தன் சிறை நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஃபிஷர் யாரிடமும் குரலை உயர்த்தவில்லை. மற்ற கைதிகளுக்கு மனு எழுதிக்கொடுத்தார், செடி வளர்த்தார்.

1971 ஜனவரியில் பால் இறந்தார். வயது 23. ஃபிஷரின் தம்பி சிறைக்கு வந்து செய்தி சொன்னார். இடையே தடுப்பு, அருகே காவலர்கள். தம்பியின் கையைப் பற்றக்கூட வழியில்லை. இறுதிச்சடங்குக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. அன்றிரவும் வழக்கம்போல் தனி அறையில் பூட்டப்பட்டார். மறுநாள் காலை கதவு திறக்கும்வரை தோழர்களால் அவரை நெருங்க முடியவில்லை.

மறைவு

1974-ல் ஃபிஷருக்குப் புற்றுநோய் முற்றியது. ஊன்றுகோலோடு நடந்தவர் செப்டம்பரில் கீழே விழுந்தார். தொடை எலும்பு முறிந்திருந்தது பல நாட்கள் கழித்தே கண்டறியப்பட்டது. நடை போயிற்று, பிறகு பேச்சும் போயிற்று. அவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவில் அறையிலேயே தங்கிப் பார்த்துக்கொண்டவர் டெனிஸ் கோல்ட்பர்க். ரிவோனியா வழக்கில் தண்டனை பெற்ற எட்டுப் பேரில் இவர் ஒருவரே வெள்ளையர். அதனால் ராபன் தீவுக்கு அனுப்பப்படாமல் பிரிட்டோரியாவில் வைக்கப்பட்டிருந்தார். ஃபிஷர் தூக்கிலிருந்து காத்தவர்களில் ஒருவர்.

உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எழுந்த கோரிக்கைகளுக்குப் பின், 1975-ல் புளூம்ஃபொன்டெய்னில் உள்ள தம்பியின் வீட்டுக்கு அவரை அனுப்பினர். விடுதலை அல்ல, அந்த வீட்டையே சிறையின் பகுதியாக அறிவித்தனர். மே 8 அன்று அங்கே இறந்தார். இறுதிச்சடங்கு முடிந்ததும் அஸ்தியைத் திருப்பித் தரவேண்டும் என்று சிறைத்துறை நிபந்தனை விதித்தது. குடும்பத்துக்கு அது திரும்பக் கிடைக்கவேயில்லை.

மீண்டும் பட்டியலில்

இனஒதுக்கலை எதிர்த்ததற்காக நீக்கப்பட்டு இறந்துபோன வழக்கறிஞர்களின் பெயர்களை மீண்டும் சேர்க்க, 2002-ல் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. சட்டம் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. இறந்தவர் விண்ணப்பிக்க முடியாது, இறந்தவருக்காகப் பிறர் விண்ணப்பிக்கப் பழைய விதிகளில் வழியில்லை.

அச்சட்டத்தின்படி முதலில் வந்தது ஃபிஷரின் பெயர். மகள்கள் ரூத்தும் இல்சேயும் விண்ணப்பித்தனர். 1965-ல் நீக்கக் கோரிய அதே ஜோகானஸ்பர்க் வழக்கறிஞர் சங்கம் இம்முறை ஆதரித்தது. 2003 அக்டோபர் 16 அன்று உயர் நீதிமன்றம் அவருடைய பெயரைப் பட்டியலில் மீண்டும் சேர்த்தது. அன்று ரிவோனியா குழுவில் அவரோடு இளைய வழக்கறிஞராக இருந்த ஆர்தர் சாஸ்கல்சன் நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தார்.

நினைவு

ஃபிஷர் பெயரிலான நினைவுச் சொற்பொழிவை 1995-ல் மண்டேலா தொடங்கிவைத்தார். நாடின் கார்டிமர் 1979-ல் வெளியிட்ட 'பர்கர்ஸ் டாட்டர்' நாவல் ஃபிஷர் குடும்பத்தின் தூண்டுதலில் எழுதப்பட்டது. போராளித் தந்தையின் மகளாக வளர்வதன் சுமையைப் பேசும் அந்நாவல் தென்னாப்பிரிக்காவில் சில மாதங்கள் தடைசெய்யப்பட்டிருந்தது. 2012-ல் புளூம்ஃபொன்டெய்ன் விமான நிலையத்துக்கு பிராம் ஃபிஷர் பெயர் சூட்டப்பட்டது.